எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

(மதுரையில் மகளிர் நலம் குறித்த பொதுக்கூட்டம் ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடுவயதுப் பெண்களின் ஹார்மோன் நலத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதிலும் உடல் கடிகாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பேச்சை மதுரையில் வைத்துப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உயிர்களின் உள்ளே ஓடும் கடிகாரத்தைப் பற்றிய இந்திய ஆராய்ச்சியில் பெரும்பங்கு இந்த ஊரில்தான் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் நடத்திய ஆய்வுக்கூடத்தை உலகின் பெரிய விஞ்ஞானிகளெல்லாம் அறிவார்கள். நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

நம்மைச் சுற்றியுள்ள குன்றுகளில் குகைகள் உண்டு. அவற்றுள் பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் கூட்டங்கூட்டமாகத் தொங்குகின்றன. குகையின் அடிப்பகுதியில் பகலும் இருட்டு, இரவும் இருட்டு. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் தவறாமல் வெளியே கிளம்பிவிடுகின்றன. எப்படித் தெரிகிறது? சந்திரசேகரனும் அவருடைய மாணவர் மாரிமுத்துவும் மற்றவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் விட்டு, குகைக்குள் அதன் கூட்டத்துக்கு நடுவிலேயே வைத்தார்கள். வெளிச்சம் கண்ணில் படாமலேயே அது கூட்டத்தின் நேரத்தோடு ஒட்டிக்கொண்டது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைத் தினமும் திருத்திவைக்க வெளியிலிருந்து ஒரு சைகை வேண்டும். வெளிச்சம் கிடைக்காதபோது, கூட வாழ்கிறவர்களின் நடமாட்டமே அந்தச் சைகை ஆகிவிடுகிறது. இந்தக் கடைசி வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது தேவைப்படும்.

பிறகு மனிதர்களிடம் வந்தார்கள். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, செய்தித்தாள் இல்லை என்று ஒரு தனிமை அறையைப் பல்கலைக்கழகத்தில் அமைத்தார்கள். அதில் ஒரு பெண் தாமாக முன்வந்து தங்கினார். வெளியுலகின் நாளை விட்டு அவருடைய உறக்கமும் விழிப்பும் விலகிப் போயின. மாதவிடாய் மட்டும் அந்த விலகலைப் பின்தொடரவில்லை. அது தன் கணக்கிலேயே வந்தது. 1991இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. எத்தனை முறை தூங்கி எழுந்தோம் என்பதை வைத்து மாதம் எண்ணப்படுவதில்லை என்று அது காட்டியது.

அப்படியானால் நாள் கணக்கும் மாதக் கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையா? இல்லை. மாதத்தை எண்ணுவது சினைப்பை. ஆனால் அந்த மாதத்தின் மிக முக்கியமான ஒரு நிகழ்ச்சிக்கு மூளை மணி பார்க்கிறது.

1950இல் அமெரிக்காவில் எவரெட், சாயர் என்ற இருவர் பெண் எலிகளிடம் செய்த சோதனை இது. எலிகளுக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கருமுட்டை வெளியாகும். அது வெளியாகவிருக்கும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பாக மயக்க மருந்து கொடுத்தார்கள். அன்று முட்டை வெளியாகவில்லை. மருந்தின் மயக்கம் தெளிந்ததும் வெளியானதா என்றால், அப்போதும் இல்லை. சரியாக 24 மணி நேரம் காத்திருந்து, மறுநாள் அதே வேளைக்கு மூளை உத்தரவு கொடுத்தது. சினைப்பை தயார், ஈஸ்ட்ரோஜன் தயார், எல்லாம் தயார்; ஆனால் வாசல் திறப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் தவறினால் அடுத்த நாள்தான். மனிதப் பெண்களிடமும் முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் பெருக்கு நள்ளிரவுக்கும் காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது.

இந்த மணியைப் பார்ப்பது எது? கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. எஸ்.சி.என். என்று சுருக்கமாகச் சொல்வோம். கல்லீரல், கணையம், சினைப்பை, கொழுப்பு என்று உடம்பின் ஒவ்வொரு திசுவிலும் சொந்தக் கடிகாரம் உண்டு. நாதஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுகிறவரைப் போல அவை அனைத்தையும் ஒரே காலத்தில் நிறுத்துவது இந்தத் திரள். பழ ஈக்களில் அந்தக் கடிகாரத்தின் மரபணுக்களைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மனிதக் கடிகாரம் 24 மணிக்குச் சற்று நீளமாக ஓடுகிறது. பெண்களுடையது ஆண்களுடையதைவிடச் சுமார் ஆறு நிமிடம் குறைவு என்று 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆறு நிமிடம்தானே என்று தோன்றும். தினமும் ஆறு நிமிடம். நம் வீடுகளில் பெண்கள் முன்னதாக விழித்துக்கொள்வதற்குக் கடமை மட்டும் காரணமில்லை; உடம்பும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

இனி நடுவயதுக்கு வருகிறேன்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலைநாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். நம்மவர்களுக்கு நாலைந்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஒரு தள்ளாட்டக் காலம். ஒரு மாதம் 22 நாளில் வரும், அடுத்தது 50 நாள் ஆகும். பலரும் நினைப்பதுபோல் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கி ஓய்வதில்லை. ஒரு வாரம் இளமையில் இருந்ததைவிட உயரே ஏறும், மறுவாரம் அதலபாதாளத்துக்கு இறங்கும். புரோஜெஸ்டிரோன் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் உடைந்து உண்டாகும் பொருள் ஒன்று மூளையைச் சாந்தப்படுத்தி உறக்கம் தருவது. அது குறைந்தால் தூக்கம் மெலிகிறது.

மூளையின் கடிகாரத் திரளிலேயே ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் அந்த ஹார்மோன் கடிகாரத்துக்குப் பக்கபலமாக இருந்தது. இப்போது அந்தப் பக்கபலம் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. பிலிஸ் வைஸ் என்ற விஞ்ஞானி நடுவயது எலிகளில் பார்த்தபோது, சினைப்பையில் முட்டைகள் இருக்கும்போதே எல்.எச். பெருக்கு நேரம் தள்ளிப்போய், வலுவும் குன்றியிருந்தது. முதுமை சினைப்பையில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது என்பது பழைய எண்ணம். மூளையின் கடிகாரம் தளர்வதும் சினைப்பையின் ஓய்வை முடுக்குகிறது என்று அவர் வாதிட்டார். மனிதர்களிடம் இது எவ்வளவு பொருந்தும் என்பதில் விவாதம் உண்டு. ஆனால் போக்குவரத்து இருவழி என்பதை என் அனுபவத்தில் தினமும் பார்க்கிறேன்.

வீட்டிலேயே இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். 48 வயது. “டாக்டரம்மா, ராத்திரி மூணு மணி ஆனா குப்புன்னு நெஞ்சுலேருந்து ஒரு அனல் ஏறுது. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. எந்திரிச்சு ஃபேனுக்கு நேரா உக்காந்தா, அஞ்சு நிமிஷத்துல குளிர் எடுக்குது. மறுபடி போர்த்திக்கிட்டா தூக்கம் வரமாட்டேங்குது. ஏதோ நடக்கப்போகுதுன்னு மனசு படபடங்குது.”

“சாயங்காலம் வருதாம்மா?”

அவர் யோசித்தார். “ஆமா. ஆறு, ஆறரைக்கு மாவு அரைக்கையில வரும். கிரைண்டர் சூடுன்னு நெனச்சேன்.”

அந்தப் பதிலில் ஒரு பாடநூலே இருக்கிறது. விளக்குகிறேன்.

ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் கிஸ்பெப்டின், நியூரோகைனின்-பி என்ற இரசாயனங்களைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. இனப்பெருக்க ஹார்மோன்களை இயக்குவது அவற்றின் வேலை. ஈஸ்ட்ரோஜன் அவற்றுக்குக் கடிவாளம். கடிவாளம் தளர்ந்ததும் அவை வீங்கிப் பெருத்து ஓயாமல் கூவத் தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் இந்த அணுக்கள் உண்மையிலேயே பருத்திருப்பதை அமெரிக்காவில் நவோமி ரான்ஸ் என்பவர் பார்த்தார். இவற்றின் நரம்பிழைகள் பக்கத்திலிருக்கும் உடல்வெப்பக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் போகின்றன. அந்த மையத்துக்கு ஒரு சகிப்பு இடைவெளி உண்டு. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறி இறங்கினாலும் அது வியர்க்கவும் வைக்காது, நடுங்கவும் வைக்காது. இப்படித் திடீரென அனல் ஏறும் வெப்பப் பொங்கலால் அவதிப்படும் பெண்களிடம் இந்த இடைவெளி அநேகமாக மறைந்தே போய்விடுகிறது என்று ராபர்ட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் காட்டினார். மயிரிழை அளவு சூடு ஏறினாலும் மூளை ‘தீப்பிடித்துவிட்டது’ என்று நினைத்து, தோலின் இரத்தக்குழாய்களைத் திறந்து, வியர்வையை ஊற்றிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் வெப்பம் தேவைக்கு மேல் இறங்கிவிட, நடுக்கம் வருகிறது.

இப்போது கடிகாரத்தைக் கூட்டிப் பாருங்கள். நம் உள்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்குமுன் மிகக் குறைவு, பிற்பகலிலும் மாலையிலும் உச்சம். சகிப்பு இடைவெளி சுருங்கிய ஒருவருக்கு உச்சம் தொட்டதும் பொங்கிவிடும். ஃப்ரீட்மனின் அளவீட்டில் பொங்கல்கள் அதிகம் கூடிய நேரம் மாலை ஆறரை மணி வாக்கு. அந்த அம்மா மாவு அரைத்த நேரம். கிரைண்டரின் சூடும் சமையலறையின் புழுக்கமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். மூலகாரணம் உள்ளே ஓடும் மணி.

இரவு மூன்று மணிக்கு வேறு கதை. அப்போது, உடம்புக்கு இரவைச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தயாராகிறது. நம்மை எழுப்பும் கார்டிசால் மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு முன்னிரவிலேயே முடிந்துவிட்டது. இளவயதில் இந்த வேளையில் புரண்டு படுத்துத் தூக்கத்தைத் தொடர்ந்துவிடுவோம். நடுவயதில் மெலடோனினும் முன்போலச் சுரப்பதில்லை, புரோஜெஸ்டிரோனின் தாலாட்டும் இல்லை. ஒரு சிறு வெப்பப் பொங்கல் போதும், விழிப்பு முழு விழிப்பாகிவிடும். விழித்த மனம் சும்மா இருக்காது. பெண்ணின் கல்யாணம், பையனின் வேலை, மாமியாரின் மருந்து, சீட்டுப் பணம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரிசைகட்டி வரும். இதைப் பதற்ற நோய் என்று மட்டும் முத்திரை குத்தி மாத்திரை எழுதிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எத்தனை காலம் இது நீடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1996 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ‘ஸ்வான்’ என்ற ஆய்வு இருக்கிறது. அடிக்கடி வெப்பப் பொங்கல் வந்தவர்களிடம் அது நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டு. ஆறு மாதத்தில் சரியாகிவிடும், பொறுத்துக்கொள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்த ஒரு எண் சொல்லும்.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம்.

ஈஸ்ட்ரோஜனின் துணை குறைந்த கடிகாரத்துக்கு வெளியிலிருந்து வரும் சைகைகள் முன்பைவிட அதிகம் தேவை. காலையில் வெளிச்சம், இரவில் இருட்டு, வேளைக்குச் சாப்பாடு, சீரான உறக்க நேரம் இவை நான்கும்தான் பெரிய சைகைகள். இதே 45 முதல் 55 வரையிலான வயதில் நம் பெண்களுக்கு இந்த நான்கும் எப்படிக் கிடைக்கின்றன என்று பாருங்கள். பிள்ளைகள் மேல்படிப்பிலோ முதல் வேலையிலோ இருப்பார்கள். வயதான மாமனார் மாமியார் இரவில் இரண்டு முறை எழுப்புவார்கள். கணவர் கடையடைத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவார். மகன் வெளிநாட்டு நேரத்துக்கு வேலைபார்த்துவிட்டு நள்ளிரவில் தோசை கேட்பான். இந்த அம்மா நாலரைக்கு எழுந்து டியூப்லைட் வெளிச்சத்தில் அடுப்பைப் பற்றவைப்பார். கடைசி ஆளாகப் பத்தரை மணிக்குச் சாப்பிடுவார், அதுவும் மிஞ்சிய சோற்றை. அந்த வௌவாலைச் சொன்னேன் அல்லவா? கூட வாழ்கிறவர்களின் நேரம் அதன் கடிகாரத்தைத் திருத்தியது. அங்கே கூட்டம் முழுவதும் ஒரே நேரத்துக்குப் புறப்பட்டது. இங்கே குடும்பத்தில் ஆளுக்கொரு நேரம், ஐந்து பேரின் ஐந்து நேரத்துக்கும் ஒரே பெண் ஓட வேண்டியிருக்கிறது. அவருடைய உடம்பு எந்த நேரத்தைத்தான் நம்பும்?

வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் டியூப்லைட்டின் அடியில் நூறு, இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸ் வரை இருக்கும். மூளைக் கடிகாரத்துக்கு நேரம் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனியாக ஒருவகை அணுக்கள் இருக்கின்றன. 2002இல்தான் அவை உறுதியாகத் தெரியவந்தன. அவற்றுக்கு வேண்டியது இந்தப் பெருவெளிச்சம். முன்பு வாசல் தெளித்துக் கோலம் போடவும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும், மொட்டைமாடியில் துணி உலர்த்தவும் பெண்கள் காலையில் வானத்துக்குக் கீழே நின்றார்கள். அந்த வாழ்க்கையின் கஷ்டங்களை நான் மறக்கவில்லை, அது திரும்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் கஷ்டம் போனபோது வெளிச்சமும் சேர்ந்து போய்விட்டது. அடுக்குமாடி வீட்டில் துணி பால்கனிக்குள் காய்கிறது, கோலம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறது.

இரவில் நேர்மாறு. படுக்கைக்கு முன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தாலே மெலடோனின் சுரக்கும் காலம் சுமார் 90 நிமிடம் குறைகிறது என்று 2011இல் ஒரு பரிசோதனை காட்டியது. செல்போன்கூட வேண்டாம், நம் கூடத்து விளக்கே போதும். கண்ணுக்கு நேரே எரியும் வெள்ளை விளக்கை எட்டரை மணிக்கு மேல் அணைத்துவிட்டு, மூலையில் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் போட்டுக்கொள்ளலாம். செலவில்லாத வைத்தியம் இது.

சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். கல்லீரலும் கணையமும் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டைப் பார்த்தே மணி அறிகின்றன. ஒரே அளவு உணவைக் காலை எட்டு மணிக்குக் கொடுத்தபோது ஏறிய சர்க்கரையைவிட, இரவு எட்டு மணிக்குக் கொடுத்தபோது 17 சதவீதம் அதிகம் ஏறியது என்று 2015இல் ஃபிராங்க் ஷீர் என்ற ஆய்வாளரின் குழு அளந்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை இன்சுலின் நன்றாக வேலை செய்யவும், கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கவும் அது உதவியது. அது போனதும் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது, சர்க்கரை எல்லையைத் தொடுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இந்த வயதுப் பெண்ணுக்குப் பத்தரை மணிச் சோறு என்பது இரட்டைத் தண்டனை. ‘நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், எப்படி வெயிட் போடுகிறது’ என்று கேட்கிறவர்களிடம், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். வீட்டுத் தலைவர்கள் இங்கே நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் தாமதமாக வந்தால் சோற்றை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள். அவர் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும்.

வீட்டை விட்டு வெளியே இரவில் வேலைசெய்யும் பெண்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தொழிற்சாலைகளில் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்கள் வேலைசெய்வதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்திருந்தது. பெண் என்பதாலேயே வேலை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சரியான தீர்ப்பு. ஆலைக்கு வேலைக்குப் போகும் இந்தியப் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு செவிலியர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமை கிடைத்தது, அந்த உரிமையைப் பயன்படுத்தும் உடம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்பதுதான் என் மனக்குறை.

அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலமாகப் பின்தொடரும் ஆய்வில், முந்தைய இரண்டு ஆண்டுகளில் 20 மாதமோ அதற்கு மேலோ சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு மாதவிடாய் முன்கூட்டியே நிற்கும் வாய்ப்பு 9 சதவீதம் அதிகமாக இருந்தது. 2019இல் வெளிவந்த முடிவு இது. 9 சதவீதம் சிறிய அளவுதான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வரிசையில் 2007இல் சேர்த்து, 2019இல் அதை மறுபடி உறுதிசெய்தது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்பில்லை என்று பிரிட்டனின் பெரிய ஆய்வொன்று சொன்னதும் உண்மை. இன்னும் முடியாத வழக்கு. ஆனால் 45 வயதைத் தாண்டிய ஒரு செவிலியருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட்டை முன்னும் பின்னும் புரட்டிப்போடாமல் இருக்கவும், இரவுப் பணிக்குப் பிறகு இருட்டறையில் அவர் தூங்க வசதி செய்யவும் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனை நிர்வாகங்களும் ஆலை நிர்வாகங்களும் நாளைக்கே செய்யலாம்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பப் பொங்கலுக்கு மிகப் பலமான மருந்து இன்றும் ஈஸ்ட்ரோஜன்தான். 2002இல் ஹார்மோன் சிகிச்சையின் ஆபத்துகளைச் சொல்லி ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற ஆய்வின் முடிவுகள் வந்தபோது உலகமே அந்தச் சிகிச்சையைக் கண்டு பயந்தது. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள், 50 வயதையொட்டித் தொடங்குகிறவர்களின் கணக்கு வேறு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் மருத்துவரோடு அமர்ந்து பேசி முடிவெடுக்கலாம். நான் சொன்ன நியூரோகைனின்-பியின் குரலைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெலடோனின் மாத்திரை சிலருக்கு உறக்க நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம். வெப்பப் பொங்கலை நிறுத்தும் என்று நம்பி வாங்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். உறக்கப் பழக்கத்தைச் சீரமைக்கும் உளவியல் பயிற்சி, தொலைபேசி வழியாகக் கற்றுக்கொடுத்தபோதுகூட, இந்த வயதுப் பெண்களின் தூக்கமின்மைக்கு நல்ல பலன் கொடுத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நேரம், தினமும் அதே நேரத்தில் எழுந்திருப்பது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் உழலாமல் எழுந்து உட்காருவது என்பவை அதன் அடிப்படை.

எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது. மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்குவது, ஆகவே ஒவ்வொரு முறையும் காலையிலேயே இரத்தம் கொடுங்கள், ஒப்பிட முடியும். இரண்டாவது குறட்டை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் கூடுகிறது. பொம்பளை குறட்டை விடலாமா என்று வெட்கப்பட்டு மறைத்துவிடுவதால் அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. மூன்றாவது கால் குடைச்சல். பொழுது சாய்ந்தால் ஆரம்பிக்கும், படுத்தால் அதிகமாகும், எழுந்து நடந்தால் குறையும். தைலம் தேய்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு முக்கியமான காரணம். தள்ளாட்டக் காலத்தில் மாதவிடாய் அதிகமாகக் கொட்டும், இரும்பு வற்றிப்போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த இட்லிக்கடை அம்மாவை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று மணி விழிப்பை அவர் நோய் என்று நினைத்திருந்தார். அவருடைய தொழிலே அவரை நாலு மணிக்கு எழுப்புவது. ஆகவே எட்டரைக்குப் படுக்கச் சொன்னேன். மாவு அரைக்கும் வேலையைச் சாயங்காலத்திலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினோம், மருமகள் கைகொடுத்தாள். காலை வியாபாரம் முடிந்ததும் அரைமணி நேரம் வெளியே நடக்கச் சொன்னேன். ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, இரும்பு கொடுத்தோம். வெப்பப் பொங்கல் நிற்கவில்லை, எண்ணிக்கை குறைந்தது. அது வந்தாலும் திரும்பத் தூங்கிவிடுகிறேன் என்றார்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். படுத்தது எத்தனை மணி, எழுந்தது எத்தனை மணி, கடைசிச் சாப்பாடு எப்போது, காபி எப்போது, அனல் ஏறியது எப்போதெல்லாம், உதிரப்போக்கு எந்தெந்த நாள். ‘ராத்திரியெல்லாம் தூக்கமில்லை டாக்டர்’ என்று சொல்வதைவிட அந்த இரண்டு பக்கம் எனக்கு நூறு மடங்கு உதவும். நீங்கள் எழுதிக்கொண்டு போனால், கேட்காத மருத்துவரும் கேட்பார்.

கடிகாரத்தோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லாமல் உட்கார எனக்கு மனமில்லை. 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், அதே வாரத்தில் மருத்துவரிடம் போய்விடுங்கள். சூடு, அலைச்சல், கிரகநிலை என்று யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் தன் வருகையைச் சொல்லும் முதல் அறிகுறியும் அதுதான், ஆரம்பத்தில் பிடித்தால் அதைக் குணப்படுத்த முடியும். உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். எழுபது வயதில் மறுபடி பட்டால் வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். எழுந்து நின்று கேட்கத் தயங்குகிறவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம்.